பன்னீர் சோடா மார்ட்டினி

கேள்வி: துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு ஜின் பாட்டில் கொடுத்தார். மார்ட்டினி செய்யலாம் என்று இறங்கினேன். வெர்மூத் கிடைக்கவில்லை. பன்னீர் சோடா ஊற்றி, எவர்சில்வர் பாட்டிலில் ஐஸ் போட்டு, ஜேம்ஸ் பாண்ட் சொல்கிற மாதிரியே குலுக்கினேன். மூடி தெறித்தது. மிஞ்சியதைக் குடித்தால் வாயில் வைக்க விளங்கவில்லை. இதற்கா வெள்ளைக்காரர்கள் இத்தனை அலட்டல்?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் போடாமல், வெறும் பாலில் ஐஸைப் போட்டு 'ஜிகர்தண்டா' என்று யாராவது நீட்டினால் விளக்குத்தூண் பக்கம் சும்மா விடுவார்களா? மார்ட்டினி மட்டும் என்ன பாவம் செய்தது? நீங்கள் குடித்தது அது இல்லை. குடிக்காத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

ஜின், டிரை வெர்மூத், ஐஸ், மேலே ஓர் ஆலிவ் காய் அல்லது எலுமிச்சைத் தோல். மொத்தச் சாமானே இவ்வளவுதான். தப்பை மறைக்க சர்க்கரையும் கிடையாது, பழச்சாறும் கிடையாது. வெர்மூத் என்பது மூலிகை ஊறவைத்து, கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின். ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. போடுவது துளிதான், இல்லாவிட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஒயின் என்பதால் திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் தீர்க்க வேண்டும். வருஷக்கணக்கில் அலமாரியில் நின்ற வெர்மூத்தை ஊற்றிவிட்டு மார்ட்டினியைத் திட்டுகிறவர்கள் உங்களுக்கு அண்ணன்மார்.

பாண்ட் விஷயத்துக்கு வருவோம். 1953-ல் வந்த 'கேசினோ ராயல்' நாவலில் அவர் குலுக்கச் சொல்வது ஜின்னும் வோட்காவும் சேர்ந்த வேறொரு கலவை. ஜின் மார்ட்டினியைக் குலுக்கினால் ஐஸ் நொறுங்கும், காற்றுக் குமிழ் ஏறும், கண்ணாடி போல இருக்க வேண்டியது கலங்கிப்போகும். சோடாவைக் குலுக்கினால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டுப் பையனே சொல்லியிருப்பான்.

கலக்குவது குளிருக்காக மட்டும் இல்லை, தண்ணீருக்காகவும்தான். உருகிச் சேரும் தண்ணீர் ஜின்னின் காட்டத்தை அடக்குகிறது. கோப்பையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். நம் ஊர் வெயில் குறுக்கே வருவது இங்கேதான். சித்திரை மாதத்தில் ஐஸ் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கரண்டி தேடப் போனால், திரும்பி வருவதற்குள் கட்டிகள் வியர்த்து நிற்கும். ஈர ஐஸ் குளிர வைப்பதற்கு முன்னால் தண்ணீரை இறக்கிவிடும். ஆகவே கோப்பையையும் கலக்கும் டம்ளரையும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸைக் கடைசியாக எடுங்கள். ஜின் 60 மில்லி, வெர்மூத் 10 மில்லி, டம்ளர் நிறையப் பெரிய கட்டிகள். நீளக் கரண்டியால் அரை நிமிஷம் சத்தமில்லாமல் சுற்றி வடித்துவிடுங்கள். டீ வடிகட்டி போதும், அதற்கென்று தனிச் சாமான் வாங்க வேண்டாம். நன்றாகப் பழுத்த எலுமிச்சையில் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, கோப்பைக்கு மேலே முறுக்குங்கள்; அந்த எண்ணெய் தெறிக்க வேண்டும். வெள்ளைப் பகுதி ஒட்டியிருந்தால் கசக்கும். சாறு பிழிந்துவிடாதீர்கள், நமக்குக் கை சும்மா இருக்காது.

குடிப்பதற்கு மொட்டை மாடி வேண்டாம். பத்து நிமிஷத்தில் வெதுவெதுப்பாகிவிடும், அப்புறம் அது வெறும் ஜின். கோப்பை சின்னதாக இருப்பதும் அதற்காகத்தான். சின்னது என்று ஏமாறவும் வேண்டாம். நம் ஊர் ஜின் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் அந்த நாலு மடக்கில் இருப்பது, 5 சதவீத பீர் அரை லிட்டருக்கும் மேல் குடித்ததற்குச் சமம். மதுரையில் யார் வீட்டிலாவது குடித்தால் திருமங்கலத்துக்கு பஸ்ஸில் போங்கள்.

நாலே சாமானில், அளவும் குளிரும் சரியாக வந்தால் மட்டும் எழும்பும் ருசி என்பதால்தான் இத்தனை அலட்டல்.

வெர்மூத் கிடைக்கும்வரை மீதி ஜின்னை என்ன செய்வது என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். பன்னீர் சோடாவோடே குடியுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிபர் என்ற காயின் வாசனை பன்னீரோடு சண்டை போடாது. குலுக்காதீர்கள், மார்ட்டினி என்று பெயரும் வைக்காதீர்கள்.