தொல்லியல் இல்லாத கல்லூரியில் சேரலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். பள்ளியில் கீழடிக்குக் கூட்டிப்போனதிலிருந்து தொல்லியல்தான் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியில் அந்தப் படிப்பே இல்லை. வரலாறு, தமிழ், தாவரவியல், கணிதம் என்று வழக்கமானவைதான். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. தொல்லியல் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா, அல்லது ஒரு வருடம் காத்திருந்து வேறு இடம் தேடலாமா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். அரசுக் கல்லூரியில் சேருங்கள், இந்த வருடமே.

பி.ஏ.வில் தொல்லியல் என்ற பெயர் இல்லாவிட்டால் அந்தத் துறைக்குள் போக முடியாது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு ஆளாகத்தான் இருக்க வேண்டும். இளங்கலையிலேயே தொல்லியல் சொல்லித்தரும் இடங்கள் நாட்டில் இருக்கின்றன, பரோடா பல்கலைக்கழகம் போல. ஆனால் இங்கே பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதவு முதுகலையில்தான் திறக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை, அதே வளாகத்தில் கடல்சார் தொல்லியலுக்குத் தனித் துறை, கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் புனேயில் டெக்கான் கல்லூரி. மூன்று வருடம் கழித்து எப்படியும் இந்த வாசல்களில் ஒன்றில்தான் போய் நிற்கப்போகிறீர்கள். அதற்கு முன்பே ஆறு லட்சம் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவானேன்?

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு குறை. தொல்லியல் ஆசை என்கிறீர்கள், அதில் எது என்று சொல்லவில்லை. குழியில் இறங்கி மண் அடுக்கைப் பார்ப்பதா, பானை ஓட்டின் கீறல்களைப் படிப்பதா, கோயில் சுவர்க் கல்வெட்டை மை தடவித் தாளில் படியெடுத்து (மைப்படி என்பார்கள்) வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுவதா, எலும்பையும் விதையையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்ப்பதா? எல்லாம் தொல்லியல்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வதில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், இறந்தவர்களைப் புதைக்கும் ஈமத்தாழிக்குள் கிடைத்த நெல் உமியைச் சோதித்துத்தான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பு 2021இல் வெளியானது. அந்த உமியைப் பார்த்து இது என்ன பயிர், காட்டில் விளைந்ததா, வயலில் விளைந்ததா என்று சொல்ல ஒரு தாவரவியல்காரர் வேண்டும். தேதியைச் சொல்ல இயற்பியலும் வேதியியலும் தெரிந்தவர்கள் வேண்டும். நீங்கள் 'வழக்கமானவைதான்' என்று தள்ளிவிட்ட பட்டியலிலேயே இந்தத் துறைக்குப் போகும் வழிகள் குறைந்தது மூன்று இருக்கின்றன.

1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியல்காரர். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் உள்ள கல்வெட்டுகளில் கடைசிச் சொல் என்று நாம் மதிக்கும் ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். இதைச் சொன்னதும் 'அப்படியென்றால் எதைப் படித்தாலும் ஒன்றுதான்' என்று கிளம்பிவிடாதீர்கள், அதுவும் தப்பு. அவர்கள் காலத்தில் இருந்த நெகிழ்வு இன்றைய வேலை அறிவிக்கைகளில் இல்லை. இன்ன பட்டம், இன்ன பட்டயம் என்று வரி வரியாகக் கேட்பார்கள், ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். 2020இல் நடந்ததை நினைவில் வையுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு எந்தச் செம்மொழிகளில் எம்.ஏ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் சமஸ்கிருதம், பாலி, பாரசீகமெல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. இங்கே பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் தமிழைச் சேர்த்தார்கள். அறிவிக்கையில் ஒரு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதில் எத்தனை பேருடைய எதிர்காலம் தொங்குகிறது, பாருங்கள்.

ஆகவே என் யோசனை இது. எழுத்தின் மேல் ஆசை என்றால் தமிழ் எடுங்கள். குழி, பானை, ஊர் வரலாறு என்றாலோ, எது என்று இன்னும் தெரியவில்லை என்றாலோ வரலாறு. தாவரவியல் எடுப்பதானால் முன்கூட்டியே ஒரு வேலை செய்ய வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம் எம்.ஏ. தொல்லியலுக்கு அறிவியல் பட்டத்தை ஏற்கிறது என்று அந்தந்தச் சேர்க்கை அறிவிப்பை எடுத்து வாசித்துவிடுங்கள், யாரோ சொன்னார் என்று நம்பி இறங்கக் கூடாது. கணிதத்தை விட்டுவிடலாம், உங்களுக்கு அதில் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

பட்டத்தில் இல்லாததை நீங்களாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்-பிராமி எழுத்துகளை முதல் வருடமே பழகிவிடலாம், அது ஒன்றும் மலையில்லை. அப்புறம் வட்டெழுத்து, கிரந்தம். தமிழகத் தொல்லியல் கழகம் கொண்டுவரும் 'ஆவணம்' இதழ்களை நூலகத்தில் தேடிப் படியுங்கள், புதிதாகக் கிடைத்த கல்வெட்டுகளின் வாசகம் அதில் வரும். கீழடி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, 2023இல் திறந்த அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. புனே மாணவர் ரயிலேறி வந்து பார்க்க வேண்டியதை நீங்கள் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம், அந்த இரண்டு லட்சத்துக்கு இந்த வசதி கிடைக்காது.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். அரசுத் தொல்லியல் பணியிடங்கள் குறைவு, எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். வரலாறோ தமிழோ கையில் இருந்தால் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கும், எம்.ஏ. முடித்து கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் போகலாம், இளங்கலையிலேயே தொல்லியல் என்று போனவர்களுக்கு ஆசிரியர் வேலைப் பக்கம் அத்தனை சுலபமில்லை.

அரசுக் கல்லூரியில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று பார்த்தீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.