கைப்பையில் முதலில் கெடுவது தோல் அல்ல

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய தோல் கைப்பையை விசேஷங்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மற்ற நாள்களில் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தேன். இந்தத் தீபாவளிக்கு எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கைப்பிடியின் ஓரமும் வெடித்திருக்கிறது. வெளியே தோல் மட்டும் புதிது போலவே இருக்கிறது. சிங்கப்பூரின் ஈரத்துக்குத் தோல் பை ஆகாதா? தினமும் வேலைக்கு எடுத்துச் செல்ல 3,000 வெள்ளிக்குள் வேறு ஒன்று வாங்கவேண்டும். மேல்பூச்சுக் கான்வாஸ் பை ஒன்றும் செம்மறிக்குட்டித் தோல் பை ஒன்றும் மனத்தில் இருக்கின்றன. எதை வாங்கலாம்? பழைய பையைக் காப்பாற்ற முடியுமா?
– யீஷூன் வாசகி

பதில்: வெளியே தோல் புதிது போலவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பதில் அதில் இருக்கிறது. கெட்டுப்போனது தோல் அல்ல. தோலுக்குப் பின்னால் மறைந்திருந்த பிளாஸ்டிக்.

பையின் உள்பக்கம் மழமழப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அதில் ஒரு வகை, காற்றிலுள்ள ஈரத்தோடு மெதுவாக வினைபுரிந்து சிதையும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90ஐத் தொடும். ஆகவே குளிர்நாட்டில் பல காலம் தாங்கும் லைனிங், அதாவது உள்துணி, இங்கே சில ஆண்டுகளிலேயே இளகிவிடுகிறது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இந்தச் சிதைவு நடந்துகொண்டேதான் இருக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் வைத்தால் இன்னும் விரைவாக நடக்கும். அலமாரியில் வைத்திருந்த ஓட்டக் காலணியின் அடிப்பாகம் ஒருநாள் பொலபொலவென்று உதிர்வதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

இப்படிப்பட்ட பை மேசைக்கு வந்தால் நான் முதலில் உள்பையின் ஜிப்பைத்தான் திறப்பேன். உள்ளே விரலை விட்டால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். இழுத்தால் சரசரவென்ற சத்தத்தோடு படலம் கிழிந்து வரும். அந்தத் துகள் பயண அட்டையில் ஒட்டி, அங்கிருந்து விரலுக்கும் விரலிலிருந்து வெள்ளைச் சட்டைக்கும் போகும். அதே பையின் தோல் பெரும்பாலும் இன்னும் பத்தாண்டு உழைக்கும் நிலையில் இருக்கும்.

தோல் இந்த ஊருக்கு ஆகாது என்பது சரியில்லை. உலக ஆடம்பரச் சந்தைக்குப் போகும் முதலைத் தோலைப் பதனிடும் ஹெங் லோங் ஆலை இங்கேதான் இருக்கிறது. அதன் 51 விழுக்காட்டுப் பங்கை பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்ஹெச் 2011இல் வாங்கியது. தோலுக்கு ஓரளவு ஈரம் வேண்டும். வறண்ட குளிரில் அது வெடிக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இங்கே அதற்கு எதிரி பூஞ்சணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மனத்திலுள்ள இரண்டு பைகள். இரண்டில் ஒன்றைத்தான் வாங்கவேண்டும் என்றால் கான்வாஸ். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம் என்பேன்.

மேல்பூச்சுக் கான்வாஸ் என்பது தோலே அல்ல. பருத்தித் துணியின்மேல் பிவிசி பிளாஸ்டிக் பூசியது. லூயி விட்டான் நிறுவனத்தின் புகழ்பெற்ற மோனோகிராம் வடிவம் 1896இல் வந்தது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் மோனோகிராம் பைகள் இந்த வகைக் கான்வாஸில் ஆனவை. எடை குறைவு, மழை படலாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். வேலைக்கு எடுத்துச் செல்ல இவையெல்லாம் பெரிய வசதி. சிக்கல் அதன் கைப்பிடியிலும் ஓரப்பட்டைகளிலும் இருக்கிறது. பல கான்வாஸ் பைகளில் அவை மேற்பூச்சு இல்லாத, தாவரச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். நம் ஊரில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட தோலுக்கு இது உறவு. வெயிலும் கையின் எண்ணெய்ப் பசையும் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறுவது இதன் அழகு. ஒரு துளி மழை பட்டாலும் வட்டமாகக் கறை பிடிப்பது இதன் குணம். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை வியர்த்த கையோடு நடக்கிறவர்களின் பையில், கைப்பிடியின் பிடிக்கும் இடம் மட்டும் முதலில் கறுத்துவிடும். இன்னொன்று: கான்வாஸ் மடிப்பில் ஒருமுறை வெடித்துவிட்டால் அதைச் சீர்செய்ய வழி கிடையாது.

செம்மறிக்குட்டித் தோல் தொடும்போதே மனத்தை இளக்கிவிடும், உண்மைதான். அதன் நார்கள் நெருக்கமின்றித் தளர்வாகப் பின்னியிருப்பதால்தான் அந்த மென்மை. அதனால்தான் நகம் பட்டாலே கோடு விழுகிறது. சனெல் நிறுவனத்தின் 2.55 பை 1955 பிப்ரவரியில் வந்த நாளிலிருந்து இந்தத் தோலுக்கு ஒரு மவுசு. ஆனால் செம்மறிக்குட்டித் தோல் பை மாலை விருந்துக்கானது. அதில் மடிக்கணினியையும் குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் திணிப்பது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஈரச்சந்தைக்குப் போவது மாதிரி.

உங்களுக்கு ஏற்றது, குரோம் முறையில் பதனிட்டு, மேலே சொரசொரப்பான மணி மணியான அமைப்புள்ள கன்றுத் தோல். அல்லது நல்ல வெள்ளாட்டுத் தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மழைக்கும் வெப்பத்துக்கும் தாவரப் பதனீட்டைவிட நன்றாக ஈடுகொடுக்கும். சென்னைக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால்தான். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் சிறு கீறல்களும் அதில் கரைந்துபோகும். அந்த அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. பெரிய உருளைக்குள் போட்டு உருட்டும்போது இயல்பாக எழும்பும் மணிகள் ஒன்று. சூடான தகட்டால் அழுத்திப் பதித்தவை மற்றொன்று. பிராடா நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சஃபியானோ தோலும் ஹெர்மே நிறுவனத்தின் எப்சம் தோலும் இரண்டாவது வகை. பதித்த தோல் விறைப்பாக நிற்கும், நீர்த்துளி எளிதில் ஊறாது. ஆனால் மூலையில் மேற்பூச்சு தேய்ந்துவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாமல் சரிசெய்வது கடினம். தினமும் தூக்கும் பைக்கு நான் முதல் வகையின் பக்கம். இரண்டையும் பிரித்தறிவது எளிது: பையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மணிகளைப் பாருங்கள். ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் பரந்தும் இருந்தால் இயல்பானது. எங்கே பார்த்தாலும் ஒரே அச்சு என்றால் பதித்தது.

விலைச்சீட்டில் ‘அசல் தோல்’ என்று இருந்தால் அதோடு திருப்தி அடையவேண்டாம். மாட்டுத்தோலை இயந்திரத்தில் கிடையாகப் பிளப்பார்கள். நெருக்கமான நார்கள் உள்ள மேலடுக்குதான் வலுவானது. கீழடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூசி, மேலடுக்கு போலவே அச்சுப் பதித்து விற்பதும் உண்டு. அதற்கும் ‘அசல் தோல்’ என்ற பெயர்தான். அப்படிப்பட்ட பையில் மேலே நீங்கள் தொடுவது, உங்கள் பழைய லைனிங்கைக் கெடுத்த அதே பாலியூரித்தேனாக இருக்கலாம்.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் திறந்து, உள்ளே முழுக் கையையும் விடுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது. லைனிங் பருத்தியா, நெய்த துணியா, மெல்லிய தோலா, பூச்சுப் பூசியதா? உள்பைகளின் அடிவரை தடவிப் பாருங்கள்: பெரிய அறைக்கு நல்ல துணி போட்டு, சின்னப் பைக்குள் மட்டும் பூச்சுத்துணி வைப்பது வழக்கம். ‘இது பாலியூரித்தேனா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் அடுத்த பையைப் பாருங்கள்.

பிறகு ஓரம். உங்கள் கைப்பிடியில் வெடித்தது தோல் அன்று, வெட்டிய விளிம்பை மூடும் ஓரப்பூச்சு. நல்ல பட்டறையில் மெல்லிய பூச்சு, உலர்ந்தபின் தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று பல சுற்றாகச் செய்வார்கள். ஒரே தடிப்பாகப் பூசினால் கைப்பிடி வளையும் இடத்தில் வெடிக்கும், வெப்பத்தில் ஒட்டும். தோலை உள்ளே மடித்துத் தைத்த கைப்பிடியில் இந்தக் கவலையே கிடையாது. இந்த ஊருக்கு மடித்துத் தைத்ததையே தேர்ந்தெடுப்பேன்.

வடிவமைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் வேலைக்கான பைக்கு அது தோலுக்குச் சமமான முக்கியம். ஹெர்மேயின் கெல்லி பையை இரண்டு விதமாகத் தைக்கிறார்கள். ஒன்றில் பலகைகள் போல விளிம்புகள் வெளியே தெரியத் தையல் போடுகிறார்கள். பை பெட்டி போல விறைத்து நிற்கும். மற்றொன்றில் உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துப் பிறகு திருப்புகிறார்கள். ஓரங்கள் உருண்டு, பை சற்றே தளர்ந்திருக்கும். பெயரும் தோலும் ஒன்றாக இருந்தாலும் கையில் எடுத்தால் இரண்டும் வேறு வேறு பைகள். விறைப்பான பை வடிவம் குலையாது, ஆனால் மூலைகள் எல்லாவற்றிலும் இடிபடும். ரயில் கூட்டத்தில் பயணம் செய்கிறவருக்குத் திருப்பித் தைத்ததே தோது.

எந்த வகையானாலும் பையை நிமிர்த்தி வைத்திருப்பது தோலுக்குப் பின்னாலுள்ள அட்டை. தோல் தூளை அழுத்திச் செய்த அட்டை விலையுயர்ந்த பைகளிலும் இருக்கிறது, அதில் குற்றமில்லை. மலிவான காகித அட்டை ஈரத்தை இழுத்து அலையலையாக நெளிந்துவிடும். பையின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுங்கள்: நிதானமாக மீண்டால் நல்லது; மடிந்த தடம் தங்கினால் வேண்டாம்.

கைப்பிடி உடலோடு சேரும் இடத்தை வெளியே மட்டுமின்றி உள்ளேயும் தடவுங்கள். சுமை முழுவதும் விழுவது அந்த நான்கு இடங்களில்தான். லைனிங்குக்கு அடியில் தடிப்பாக ஒரு துண்டு கைக்குத் தட்டுப்பட்டால், வலுவூட்டல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். தட்டுப்படவில்லை என்றால் மடிக்கணினியை அந்தப் பை நெடுநாள் சுமக்காது. கொக்கிகளில் பித்தளை கனமாக இருக்கும், முலாம் போனாலும் வேலை செய்யும். துத்தநாகக் கலவை ஒடிந்தால் ஒட்டவைக்க முடியாது.

பராமரிப்புக்கு வருவோம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சொல்லும் தோல் களிம்பு முறை வறண்ட காற்றுக்கானது. அதே வேகத்தில் இங்கே தடவினால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாகும். ஆண்டுக்கு ஓரிருமுறை போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும். கைகளில் தடவிய கிருமிநாசினி காய்ந்த பிறகே பையைத் தொடுங்கள், அதிலுள்ள ஆல்கஹால் மேற்பூச்சைக் கரைக்கும்.

ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் வராது. கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் நீக்கும் மின்பெட்டி பைக்கும் பயன்படும். 50 அளவில் வையுங்கள், 40க்குக் கீழே இறக்கவேண்டாம். பேரங்காடியில் கிடைக்கும் நீர் உறிஞ்சும் டப்பாக்களைப் பைக்குப் பக்கத்தில் வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதில் சேர்வது வெறும் தண்ணீர் அல்ல, கால்சியம் குளோரைடு கரைசல். டப்பா கவிழ்ந்து அது தோலில் பட்டால், பட்ட இடம் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு எந்தக் களிம்பும் அதை மீட்காது. பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காதீர்கள். துணி உறை போதும். எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு இரண்டு நாளாவது பையை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள குறைபாட்டுப் பொருள் விதிகளின்படி, கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கடைக்காரர் வேறுவிதமாக நிரூபிக்காதவரை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழைய பை விற்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். இணையத்தில் தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. ஆறாண்டுக்குப் பிறகு இளகிய உங்கள் லைனிங்குக்கு இந்த வழியில் எதுவும் கிடைக்காது.

ஆனால் அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டாம். தோல் நன்றாக இருப்பதால் லைனிங்கை முழுவதும் அகற்றிப் புதிதாகப் போடலாம். கைப்பிடியின் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். மேலே மாவு தூவியோ சாராயத்தால் துடைத்தோ பிசுபிசுப்பைப் போக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சில வாரங்களில் மறுபடி ஒட்டும். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்: புது லைனிங் பூச்சில்லாத நெய்த துணியா, உள்பைகளுக்கும் அதே துணிதானா, லைனிங்கைக் கழற்றும்போது தோலின் பின்புறம் ஒட்டியிருக்கும் பழைய படலத்தையும் சுரண்டி எடுப்பார்களா. மூன்றாவதற்கு இல்லை என்று சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.