0.12 புள்ளி

அன்புள்ள அக்கா,

'யூரி!!! ஆன் ஐஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் முதல் பதினொரு அத்தியாயங்களும் ஒரே மூச்சில் ஓடிவிட்டன. பன்னிரண்டாவதில்தான் வயிற்றெரிச்சல். உலக சாதனை படைக்கிறான் யூரி. ஆனால் தங்கம் அந்தப் பதினைந்து வயதுப் பொடியனுக்கு! அதுவும் 0.12 புள்ளியில். தங்கம் வாங்கினால் கல்யாணம் என்று, ஆட்டத்தை விட்டுவிட்டு யூரிக்குப் பயிற்சியாளராக வந்த ரஷ்யச் சாம்பியன் விக்டர் சொன்னதும் அப்படியே காற்றில் போய்விட்டது. கதாசிரியர்களுக்கே தைரியம் இல்லாமல் நழுவிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. மற்ற வீரர்களையும் அவசர அவசரமாகக் காட்டி முடித்துவிட்டார்கள். பிறகு தேடிப் பார்த்தால், வருவதாக இருந்த படமும் கைவிடப்பட்டதாம். உங்களுக்கு இந்த முடிவு சரி என்று படுகிறதா? என் தங்கையும் இதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பார்க்கச் சொல்லலாமா, இல்லை வேண்டாம் என்று தடுத்துவிடவா?

வி.ஆர்.

அன்புள்ள வி.ஆர்.,

உங்கள் கோபம் புதிதல்ல. 2016 டிசம்பரில் அந்தக் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானதிலிருந்து இதே சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பார்சிலோனா கிராண்ட் பிரீ ஃபைனலில் யூரி கட்சுகிக்குத் தங்கம் தராததற்காகக் கொதித்தவர்கள் ஒரு பக்கம். கஜகஸ்தான் வீரன் ஓதாபெக்கை மேடையேற்றாமல் கனடாவின் ஜேஜேவுக்கு வெண்கலம் கொடுத்ததைப் பொறுக்காதவர்கள் இன்னொரு பக்கம். முதல் நாள் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் சரிந்து கடைசி இடத்தில் கிடந்தவன் எப்படி மூன்றாவதாக வந்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. இதற்கெல்லாம் நடுவே அழுதுகொண்டே மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கியவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நான் அந்தக் கூட்டம்.

தங்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். புள்ளிக் கணக்கைப் பாருங்கள். யூரி கட்சுகியின் மொத்தம் 319.41. யூரி பிளிசெட்ஸ்கி, அதாவது எல்லோரும் யூரியோ என்று கூப்பிடும் அந்தப் பொடியன், 319.53. ஆனால் இரண்டாம் நாள் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் எடுத்தால் கட்சுகி 221.58, யூரியோ 200.97. இருபது புள்ளிக்கு மேல் வித்தியாசம்! அந்த இரவில் நன்றாக ஆடியவன் யார் என்பதில் கதைக்குச் சந்தேகமே இல்லை. தங்கம் போனது முந்தைய நாள், ஷார்ட் புரோகிராமில். யூரியோ 118.56 எடுத்து விக்டரின் சாதனையை முறியடித்தான். கட்சுகி 97.83.

அந்த 97.83 ஏன் அவ்வளவு குறைந்தது என்று பதினொன்றாம் அத்தியாயத்தில் திரும்பப் பாருங்கள். எவ்வளவோ தடவை ஆடிப் பழகிய ஷார்ட் புரோகிராமில் கடைசி நேரத்தில் நாலு சுற்று ஃப்ளிப்பைச் சேர்க்கிறான். அது விக்டரின் முத்திரைத் தாவல். இறங்கும்போது கை பனியில் ஊன்றிவிடுகிறது. அன்றைய விதிப்படி நாலு சுற்று ஃப்ளிப்பின் அடிப்படை மதிப்பே 12.3 புள்ளி. இறக்கத்தில் கை பட்டால் நடுவர்கள் கழிப்பது 0.12-ஐ விடப் பல மடங்கு. ஆக, கட்சுகி தங்கத்தை இழந்தது விக்டரின் தாவலை ஆட வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஆசையால்தான். பாதுகாப்பாக ஆடியிருந்தால் ஜெயித்திருப்பான். இதை யாரும் தொடரில் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்க்கிறவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஃப்ளிப்பைத் தொடர் முழுக்கப் பின்தொடர்ந்தால் கதையின் முதுகெலும்பே கையில் வந்துவிடும். சீனப் போட்டியில், ஏழாம் அத்தியாயத்தில், முதன்முறையாகப் போட்டியில் அதை முயல்கிறான். விழுகிறான். விழுந்தவனை நோக்கித்தான் விக்டர் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார், ரசிகர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சி. பார்சிலோனாவில் ஷார்ட் புரோகிராமில் இறங்குகிறான், ஆனால் கை ஊன்றுகிறது. மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில், கால்கள் களைத்துப்போன கடைசிக் கட்டத்தில், சுத்தமாக இறங்குகிறான். மூன்று முயற்சிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே. மூன்றாவது சரியாக வந்த பிறகு பதக்கத்தின் நிறத்துக்காக நான் அவ்வளவாகத் துடிக்கவில்லை.

சரி, அப்படியே தங்கம் கொடுத்திருந்தால்தான் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்திருந்தால் கட்சுகி ஓய்வு பெற்றிருப்பான். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் சண்டை போடுகிறார்கள். பதினொன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் விக்டரிடம் என்ன சொல்கிறான்? இந்த ஃபைனலோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறான். விக்டரின் ஆட்ட வாழ்க்கையைத் தான் பிடித்து வைத்திருப்பதாக அவனுக்கு ஒரு குற்ற உணர்வு. பன்னிரண்டாவது தொடங்குவதே விக்டர் அழுவதில். கட்சுகி செய்வதைக் கவனித்தீர்களா? ஆறுதல் சொல்லவில்லை. கையை நீட்டி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, நிஜமாகவே அழுகிறாரா என்று பார்க்கிறான். சின்ன வயதிலிருந்து சுவரொட்டியில் பார்த்துக் கும்பிட்ட மனிதர் தன் முன்னால் கண்ணீர் விடுவதை ஆராய்ச்சி செய்வதுபோல் பார்க்கிறான். விக்டருக்குக் கோபம் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுயநலமான, இவ்வளவு உண்மையான காட்சி விளையாட்டு அனிமேக்களில் அதிகம் இல்லை.

தங்கத்தோடு விடைபெறுவது கட்சுகிக்கு அழகான முடிவாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போயிருப்பார்கள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்போம். அதைத் தடுத்தவன் யூரியோ. முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். முந்தைய வருஷம் சோச்சி ஃபைனலில் கடைசி இடத்துக்குப் போய்விட்டு, கழிவறையில் ஒளிந்து அழுதுகொண்டிருந்த கட்சுகியின் கதவை எட்டி உதைத்து, ஒரே பிரிவில் இரண்டு யூரி தேவையில்லை, நீ ஓய்வு பெற்றுவிடு என்று கத்தியவன் இவன்தான். அதே பையன் பார்சிலோனாவில் எல்லோருக்கும் கடைசியாகப் பனியில் இறங்குகிறான். கட்சுகி நிம்மதியாக ஓய்வுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே ஆடுகிறான். ஆடி முடித்து மண்டியிட்டு அழுகிறான். பொடியன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவன் பக்கமிருந்து அந்த அத்தியாயத்தை ஒருமுறை பாருங்கள். தங்கம் சரியான கழுத்துக்குத்தான் போயிருக்கிறது.

வெள்ளியோடு திரும்பிய கட்சுகியிடம், தங்கமாக இல்லாவிட்டால் பதக்கத்துக்கு முத்தம் கொடுக்க மனம் வரவில்லை என்று விக்டர் சீண்டுகிறார். கட்சுகி அவர்மேல் பாய்ந்து, இன்னும் ஒரு வருஷம் என்னோடு இருங்கள், அடுத்த தடவை கட்டாயம் தங்கம் வாங்குகிறேன் என்று கெஞ்சுகிறான். உங்கள் கல்யாணப் புகாருக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பார்சிலோனா உணவகத்தில், இருவர் கையிலும் இருந்த மோதிரத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டியபோது, இது நிச்சயதார்த்த மோதிரம், தங்கம் வாங்கியதும் கல்யாணம் என்றார் விக்டர். தங்கம் தள்ளிப்போனால் கல்யாணமும் தள்ளிப்போகிறது, ரத்தாகவில்லை. 0.12 புள்ளி வாங்கிக்கொடுத்தது இன்னொரு சீசன். அப்புறம் அவர்கள் இருவரும் சேர்ந்தே ஆடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் தன் சொந்த ஊரான ஹசெட்சுவின் பனித்தளத்தில் கட்சுகி தனியாக ஆடிக் காட்டிய அதே விக்டரின் ஆட்டம், கடைசியில் இரண்டு பேர் ஆட்டமாக வருகிறது. இதற்குமேல் பத்திரிகை அடித்துக் கொடுக்க வேண்டுமா என்ன!

நழுவிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஓரளவுக்குப் புரிகிறது. ஏழாம் அத்தியாயத்தில் விக்டரின் கை கேமராவை மறைக்கிறது. முத்தம்தானா என்று அன்றே பெரிய சண்டை. எதையும் நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்காத பழக்கம் தொடர் முழுக்க இருக்கிறது, அது சிலரை உறுத்துவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இயக்குநர் சாயோ யமமோட்டோவோடு சேர்ந்து இந்தக் கதையை உருவாக்கிய மிட்சுரோ குபோ, இந்தத் தொடரின் உலகத்தில் எதை விரும்பினாலும் அதற்காக யாரும் இழிவுபடுத்தப்பட மாட்டார்கள் என்ற பொருள்பட அப்போதே எழுதியிருந்தார். அந்த உலகத்தில் மோதிரத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, கைதட்டுகிறார்கள். 2016இல் ஒரு விளையாட்டு அனிமேயில் இது சின்ன விஷயமில்லை. நான் இதைத் தைரியக் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

அவசரம் என்ற புகாரில் மட்டும் நான் முழுக்க உங்கள் கட்சி. கணக்கு ரொம்ப எளிது. அன்றைய விதிப்படி ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட் நாலரை நிமிஷம். ஃபைனலில் ஆறு பேர். முழுசாகக் காட்டினாலே 27 நிமிஷம் ஆகிவிடும். தொலைக்காட்சி அத்தியாயமோ இருபத்துச் சொச்சம் நிமிஷம்தான், அதில் பாட்டு வேறு. விளைவு, தாய்லாந்தின் பிச்சிட், சுவிட்சர்லாந்தின் கிறிஸ், ஓதாபெக் எல்லாம் மின்னல் மாதிரி வந்து போகிறார்கள். பிச்சிட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவனுக்கு நடந்தது அநியாயம். கென்ஜி மியாமோட்டோ என்ற நிஜ நடன அமைப்பாளர் ஒவ்வொரு ஆட்டத்தையும் அமைத்துக் கொடுத்தார். அவ்வளவு உழைப்பையும் துண்டு துண்டாக நறுக்கித்தான் காட்ட முடிந்தது. பதின்மூன்றாவது அத்தியாயம் ஒன்று இருந்திருந்தால் பாதிச் சண்டைகள் தொடங்கியே இருக்காது.

ஸ்கேட்டிங் தெரியாது என்றீர்களே, 0.12 என்பதைக் கதாசிரியர்களின் கைவேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2014 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் யுசுரு ஹன்யு தன் நாட்டுக்காரர் தட்சுகி மச்சிடாவை வென்றது 0.33 புள்ளியில். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜோடிகள் பிரிவுத் தங்கம் 0.43இல் முடிவானது. அந்த 221.58-ம் வானத்திலிருந்து குதித்ததில்லை. 2015 கிராண்ட் பிரீ ஃபைனலில், அதே பார்சிலோனாவில், ஹன்யு ஃப்ரீ ஸ்கேட்டில் எடுத்தது 219.48. அதுதான் அன்றைய நிஜ உலக சாதனை. அனிமே அதற்கு இரண்டு புள்ளி மேலே போய் நின்றது. தொடர் முடிந்து சில மாதங்களில், 2017இல் ஹெல்சின்கியில், ஹன்யு 223.20 எடுத்தார். கற்பனைச் சாதனையையே நிஜ மனிதர் தாண்டிவிட்டார்! அந்த வாரம் இந்தத் தொடரின் ரசிகர்கள் எப்படிக் குதித்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஸ்கேட்டர்களும் இந்த முடிவை ஒதுக்கவில்லை. முன்னாள் உலகச் சாம்பியன் ஸ்டெஃபான் லாம்பியல் கடைசி அத்தியாயத்தில் தானாகவே வந்து சொந்தக் குரலில் வர்ணனை செய்தார். 2018 ஒலிம்பிக்கில் ஜப்பானின் மியு சுசாகியும் ரியுச்சி கிஹாராவும் ஷார்ட் புரோகிராமுக்கு எடுத்துக்கொண்டது கட்சுகியின் ஃப்ரீ ஸ்கேட் இசை. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை, அது வேறு விஷயம். அதே கிஹாரா பிறகு ரிகு மியுராவோடு சேர்ந்து 2023இல் உலகச் சாம்பியன் ஆனார்.

இனி அந்தப் படம். உங்கள் எரிச்சலில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குச் சந்தேகம். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் திரையில் வருவது 'சீ யூ நெக்ஸ்ட் லெவல்' என்ற வரி. 2016இல் அதைப் பார்த்தவர்கள் அடுத்த சீசனுக்கான ஒப்பந்தப் பத்திரமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். 2017இல் படம் வரும் என்றார்கள். அடுத்த ஆண்டு 'ஐஸ் அடலசன்ஸ்' என்று பெயரும் வைத்தார்கள். 2019இல் வரவேண்டியது தள்ளிப்போனது, 2020இல் நீளமுடி வைத்த இளம் விக்டரோடு ஒரு முன்னோட்டம் வந்தது, பிறகு வருஷக்கணக்கில் மௌனம். 2024 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனமான மாப்பா, படம் கைவிடப்பட்டது என்று அறிவித்தது. ஏழு வருஷத்துக்கும் மேலாக இடைவேளை என்று நினைத்திருந்த இடத்தை ஒரே நாளில் முடிவு என்று மாற்றிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கல்யாணம் தள்ளிப்போனது என்று மேலே எழுதினேன். அதைக் காட்டப்போகிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை 2016இல் எழுதப்பட்ட ஒரு அத்தியாயத்தின் தலையில் ஏற்றுவது சரியில்லை. கதையாக அது முழுசாகவே இருக்கிறது: செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்சுகி ஓடி வருகிறான், விக்டரும் யூரியோவும் அங்கே நிற்கிறார்கள். அடுத்த சீசனில் ஒருவரோடு ஒருவர் மோதப்போகிறவர்கள்.

தங்கையைத் தாராளமாகப் பார்க்கச் சொல்லுங்கள். படம் வராது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் வேலை மிச்சம். இன்னொன்று. பத்தாம் அத்தியாயம் முடிந்து பாட்டு தொடங்கியதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடனே அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். அந்த ஒன்றை மட்டும் கடைசி நொடி வரை விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். விக்டர் எதற்காக ஹசெட்சுவுக்கு வந்தார் என்பது அங்கேதான் இருக்கிறது. நீங்களும் தாண்டியிருந்தால், தங்கையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.