நெல் மூட்டை அறையில் விட்ட பூனைக்குட்டி

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் நெல் சாகுபடி செய்கிறேன். மூட்டைகளை எலி கடிப்பதால், ஒன்றரை மாதப் பூனைக்குட்டி ஒன்றை வாங்கி வந்து மூட்டை அறையிலேயே விட்டேன். இரண்டு நாளாக இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. இரவெல்லாம் கத்துகிறது. பசும்பால் வைத்தேன், கழிச்சல் கண்டுவிட்டது. எப்படிப் பழக்குவது? கொட்டகையில் இரண்டு சினை ஆடுகளும் உண்டு.

கால்நடை மருத்துவரின் பதில்: முதல் வேலையாகக் குட்டியை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தாயிடம் இன்னும் இரண்டு வாரமாவது இருந்திருக்க வேண்டிய குட்டி அது. அங்கே ஒரு பெருச்சாளி வந்தால், யார் யாரைப் பிடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எலி மருந்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலே பூனைக்கு ஆபத்து.

பாலை இன்றே நிறுத்துங்கள். பசும்பாலில் உள்ள சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காது. கழிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், குடற்புழுவாகவும் இருக்கலாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியையோ முள் நீக்கிய மீனையோ நன்றாக மசித்து, கொஞ்சம் சோறு பிசைந்து, நாளொன்றுக்கு நான்கு வேளை கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பிடரித் தோலை லேசாகக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குடற்புழு மருந்தும் அங்கே எடை பார்த்துத்தான் தர வேண்டும். ஆட்டுக்கு வாங்கியதில் மீதியைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள்.

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் அட்டைப் பெட்டி ஒன்றைச் சாய்த்து வைத்து, நீங்கள் உடுத்திய வேட்டியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். உங்கள் வாடை பழகட்டும். கையை விட்டு இழுக்காதீர்கள். எட்டத் தரையில் உட்கார்ந்து, விரல் நுனியில் மீன் மசியலைத் தடவி நீட்டுங்கள். கழுத்தை மட்டும் நீட்டி முகரும், பின்வாங்கும், மறுபடி வரும். ஒருமுறை நக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய தாம்பாளத்தில் மணல் பரப்பி, சாப்பிட்டதும் அதில் இறக்கி விடுங்கள். தோண்டி மூடுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு மாதம் நிரம்பியதும் பூனைகளுக்கான தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை. அதற்குப் பிறகு மூட்டை அறையைக் காட்டுங்கள். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வயிறு நிறைந்த பூனையும் எலியை விடாது. அதுவரை மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, மரக்கட்டைமேல் அடுக்குங்கள்.

சினை ஆடுகளைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. வேட்டையாடத் தொடங்கும் இளம் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் சில வாரங்கள் வெளிவரக்கூடும். அது தீவனத்தில் கலந்தால் ஆடு கரு வீசிவிடக்கூடும். மலம் விழுந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மணல் தட்டில் விழும் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். தவிடு, புண்ணாக்கு எல்லாம் மூடிபோட்ட டிரம்மில் இருக்கட்டும். வைக்கோல் போரில் பூனை படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.