டர்போ வென்யூவுக்கு ‘டீகார்பனைசிங்’ தேவையா?

கேள்வி: 2019-இல் வாங்கிய ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ பெட்ரோல் கார், 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போதெல்லாம் தினமும் நான்கைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்குகிறது. செக் எஞ்சின் விளக்கும் ஒருமுறை எரிந்தது. கார்பன் பிடித்திருப்பதாகவும், டேங்கில் மருந்து ஊற்றி ‘டீகார்பனைசிங்’ செய்ய வேண்டும் என்றும் சர்வீஸ் அட்வைசர் கூறுகிறார். செய்யலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுடையது 998 சி.சி., மூன்று சிலிண்டர், 120 பி.எஸ். எஞ்சின். இதில் பெட்ரோல், வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படாமல், மிகுந்த அழுத்தத்தில் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதனால் காற்று உள்ளே நுழையும் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து, அடிப்பிடித்த பால் பாத்திரம்போலக் கருகி இறுகுகிறது. ஆகவே, அட்வைசர் சொல்லும் நோய் உண்டு. அவர் விற்கும் மருந்துதான் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. டேங்கில் ஊற்றுவது பெட்ரோல் போகும் வழியில்தான் போகும். மிஞ்சினால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியைச் சுத்தம் செய்யும். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. பழுதைக் கண்டுபிடித்தவரைவிட பாட்டிலை விற்றவரைப் பாராட்டும் ஏற்பாடு இருக்கும்வரை பாட்டில்தான் விற்கும்.

முதலில் ஸ்கேனரைப் பொருத்தி, பதிவான பிழை எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை அந்தச் சிலிண்டரிலிருந்து கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கட்டும். எண் பி0301 என மாறினால் பழுது காயிலில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தால் மட்டுமே, சிறிய கேமராவை உள்ளே விட்டு வால்வைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் கரி கட்டியாகத் தெரிந்தால், காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சிச் சுரண்டுவதே முறையான வேலை. உயர் அழுத்தப் பெட்ரோல் குழாயைத் தெருவோரப் பட்டறையில் தளர்த்த விடாதீர்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இதே வென்யூவில் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சினும் உண்டு. அதில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால், வால்வு தானாகவே கழுவப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தக் கார்க்காரர்களிடமும் இதே ‘டீகார்பனைசிங்’ விற்கப்படுகிறது. உங்கள் உறவினரிடம் 1.2 இருந்தால் நான் மேலே எழுதிய வால்வுக் கதை அவருக்குப் பொருந்தாது; அவர் முதலில் பிளக்கையும் காயிலையும் பார்க்கட்டும்.

எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். எனவே, கடுமையான பயன்பாட்டுக்கென உரிமையாளர் கையேட்டில் உள்ள தனி அட்டவணைப்படி ஆயிலை முன்கூட்டியே மாற்றுங்கள். அந்தப் பக்கத்தை எந்த அட்வைசரும் தானாகத் திறந்து காட்டமாட்டார். நீங்களே கையேட்டை எடுத்துச் செல்லுங்கள்.