கதவை உதைக்கும் பையன்

கேள்வி: என் 15 வயது மகன் பள்ளியில் ஒரு பையனை அடித்துவிட்டான். வீட்டிலும் கதவை உதைக்கிறான். கணவர் குடித்துவிட்டு என்னை அடிப்பார். ஆனால் அவனை ஒருநாளும் தொட்டதில்லை. பிறகு ஏன் இப்படி?
- வாசகி, திருப்பூர்

பதில்: தொடவில்லை, சரி. பக்கத்து அறையில் படுத்தபடி எல்லாம் கேட்டிருப்பானே, அம்மா! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா செய்த சோதனை 1961-ல் வெளியானது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர், பிறகு தாங்களும் அப்படியே அடித்தார்கள். அதற்காக அடிதடி பார்த்து வளரும் எல்லாருமே அடிப்பார்கள் என்றில்லை. என்னிடம் வந்த சிலர் வாயே திறக்காமல் ஒடுங்கிப் போனவர்கள்.

முதலில் உங்கள் மேல் விழும் அடி நிற்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அப்புறம் மகனிடம் பேசுங்கள். "ஏன்டா அடிச்சே?" என்று ஆரம்பிக்காதீர்கள், ராத்திரி தூங்கினானா என்று கேளுங்கள்.