மச்சம் மாறினால் காட்டணுமா? தோல் டாக்டரிடம் சில கேள்விகள்

கேள்வி: டாக்டர், முன்கையில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம். நாலைந்து மாதமாகக் கொஞ்சம் பெரிதான மாதிரி இருக்கிறது. வலி எதுவும் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: வலி இல்லை என்பதை நல்ல சேதியாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. என் காதில் விழுந்தது 'நாலைந்து மாதமாக' என்பதுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த மச்சம் சில மாதத்தில் மாறினால் காட்டிவிட வேண்டும்.

நடுவில் ஒரு கோடு போட்டதாக நினைத்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா? ஓரம் கடித்துவைத்த மாதிரி இருக்கிறதா? பழுப்பும் கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதா? 6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதா? இந்த நான்கையும் 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்தார்கள். 'மாறுகிறதா?' என்ற ஐந்தாவது கேள்வி 2004-இல்தான் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது 8 மில்லிமீட்டர். அப்போ புற்றுநோயா?

பதில்: இல்லை. 6 மில்லிமீட்டர் என்பது பென்சில் முனை ரப்பரின் அகலம். ஞாபகத்துக்காக வைத்த அளவு, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பிறவி மச்சங்கள் எத்தனையோ சாதுவாக இருக்கின்றன. அதைவிடச் சின்ன மெலனோமாவும் உண்டு.

கேள்வி: எனக்கு உடம்பெல்லாம் மச்சம். எதையென்று பார்ப்பது?

பதில்: ஒருவர் உடம்பில் இருக்கும் மச்சங்கள் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே சாயல். அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் ஒன்று தனியாக நின்றால் அதைப் பாருங்கள். 40 வயதுக்குப் பிறகு புதிதாக ஒன்று முளைத்து வளர்ந்தாலும் சரி, காட்டுங்கள். மெலனோமாவில் பெரும்பகுதி பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாகத்தான் கிளம்புகிறது. முதுகை வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நல்ல கறுப்பு நிறம். இதெல்லாம் வெள்ளைத் தோலுக்குத்தானே?

பதில்: நமக்கு மிகவும் குறைவு, உண்மை. ஆனால் வரும்போது வெயில் படாத இடத்தில் வந்து உட்காரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-இல் 36 வயதில் இறந்துபோனார்.

நகத்தில் அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்துபோகும். கை நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதிதான், அதனால் பொறுமை வேண்டும். கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு இறங்கினால் அது வேறு கதை. உடனே கிளம்புங்கள்.

கேள்வி: மச்சத்தில் முடி வளர்கிறதே?

பதில்: வளரட்டும். பிடிக்கவில்லையென்றால் கத்தரித்துவிடுங்கள்.

கேள்வி: பார்லரில் ஐந்து நிமிஷத்தில் எரித்து எடுத்துவிடுகிறார்களாம். டாக்டர் எதற்கு?

பதில்: இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். எரித்த இடத்தில் வெளிறிய தழும்பு, அதன் ஓரத்தில் மறுபடி துளிர்க்கும் பழுப்புப் புள்ளி. இப்படி ஒருவர் வந்து உட்காரும்போது என் கையில் எதுவும் இருக்காது, பரிசோதிக்க வேண்டிய சதைதான் புகையாகிவிட்டதே! மெலனோமா என்றால் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையே. 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். எரித்ததை எப்படி அளப்பது?

கேள்வி: கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பதில்: பரவாது. முதலில் கத்தியே கிடையாது. டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த லென்ஸைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்ப்போம், பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். பாதிப் பேர் அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சந்தேகம் இருந்தால் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மச்சத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சேர்த்து முழுசாக எடுத்து, தையல் போட்டு, சதையை லேபுக்கு அனுப்புவோம்.

கேள்வி: முன்கை மச்சம் பற்றி முதலில் கேட்டவன்தான். அடுத்த மாதம் லீவு வருகிறது, அப்போது போகலாமா?

பதில்: லீவுக்குக் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். முன்கை தெரிகிற பழைய போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்று போதும், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.